பல் முளைக்கும் குழந்தைக்குப் பருத்தி எச்சில் பிப்: துணி பார்ப்பது முதல் துவைப்பது வரை

குழந்தைக்கு மூன்று மாதம் முடிந்ததும் வீட்டில் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "ஜொள்ளு ஊத்துதே, பல்லு வரப்போகுது." பாதி சரி. இரண்டு மூன்று மாதத்திலேயே எச்சில் சுரப்பு கூடிவிடும். ஆனால் ஊறுவதை அவ்வப்போது விழுங்கவும் உதட்டை மூடி வைத்திருக்கவும் குழந்தைக்கு இன்னும் பழகியிருக்காது. கையில் அகப்பட்டதையெல்லாம் வாயில் திணிக்கும் வயதும் அதுவே. முதல் பல், பெரும்பாலும் கீழ்வரிசை நடுப்பல், ஆறு மாதத்தை ஒட்டித்தான் எட்டிப் பார்க்கும். சிலருக்கு நான்காம் மாதமே வரும், சிலருக்கு ஒரு வயதாகும். 20 பால்பற்களும் முளைத்து முடிய இரண்டரை, மூன்று வயதாகிவிடும்.

ஆக, எச்சில் பிப் ஒரு வாரத்துச் சமாச்சாரமாக இருக்காது. ஏறக்குறைய ஒரு வருடம் தினமும் குழந்தையின் கழுத்தில் கிடக்கப்போகும் துணி அது. சட்டைக்குக் காட்டும் அக்கறையைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இதற்குக் காட்டலாம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊர் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும், தடிமனான 'வாட்டர்ப்ரூஃப்' பிப் நான்கு வாங்குவதைவிட, காற்றோட்டமான பருத்தி பிப் பத்துப் பன்னிரண்டு வாங்குவது மேல். நனைந்ததும் கழற்றி மாற்றுகிற வீட்டில் எந்த நல்ல பருத்தியும் வேலை செய்யும். மாற்றாத வீட்டில் எவ்வளவு விலை கொடுத்த பிப்பும் கழுத்தில் புண்ணைத்தான் கொண்டுவரும். கீழே வரும் படிகள் எல்லாமே இதை வைத்துத்தான்.

படி 1: எந்த வேலைக்கு என்று முதலில் பிரியுங்கள்

கடையில் பிப் என்று கேட்டால் இரண்டு வேறு வேறு பொருளை ஒரே தட்டில் எடுத்துப் போடுவார்கள். சாப்பாட்டு பிப் பெரியது. சிலிக்கான், பிளாஸ்டிக், ரெக்சின் மாதிரித் துணி, கீழே சோறு விழ ஒரு பை என்று இருக்கும். ஆறு மாதத்துக்கு மேல் ராகிக்கூழும் பருப்புச் சாதமும் ஊட்டும்போது, அந்த இருபது நிமிடத்துக்கு மட்டும் அது சரி. எச்சில் பிப் சிறியது, மெல்லியது, விழித்திருக்கும் நேரமெல்லாம் கழுத்தில் இருக்கக்கூடியது. ஒன்றை இன்னொன்றுக்குப் பயன்படுத்தாதீர்கள். சிலிக்கான் பிப்பை நாள் முழுக்கப் போட்டால் அடியில் வியர்க்கும். எச்சில் பிப்போடு கூழ் ஊட்டினால் இரண்டு நாளில் அது கரித்துணி ஆகிவிடும்.

எச்சில் பிப்பிலும் வடிவங்கள் உண்டு. முக்கோணமாகக் கைக்குட்டை கட்டியது போல் இருப்பதை பந்தனா பிப் என்கிறார்கள். அது கழுத்தோடு ஒட்டி நிற்பதால் எச்சில் சட்டைக்குள் இறங்காது. கழுத்தே தெரியாத கொழுகொழு குழந்தைக்கு மட்டும் அது தாடைக்கடியில் சுருண்டு உட்கார்ந்துகொள்ளும், அந்த மடிப்பிலேயே ஈரம் நிற்கும். அப்படிப்பட்ட குழந்தைக்குச் சாதாரண அரைவட்ட பிப் நல்லது. சுற்றிலும் காலர் மாதிரி வட்டமாக வருவது இன்னொன்று. ஒரு பக்கம் நனைந்தால் திருப்பி அடுத்த பக்கத்தை முன்னே கொண்டுவரலாம். கவிழ்ந்து தவழும் குழந்தைக்கு அது உதவும், ஆனால் வெயில் காலத்தில் பிடரியும் மூடிக்கொண்டுவிடும். குளிர் ஊருக்கு, அல்லது மார்கழி காலைக்கு, வைத்துக்கொள்ளலாம்.

படி 2: துணி

இங்கேதான் நிதானமாக நிற்க வேண்டும். 'காட்டன்' என்று எழுதியிருப்பதெல்லாம் ஒன்றல்ல.

பருத்தியின் பலம் அதன் இழைக்குத் தண்ணீர் மேல் இருக்கும் ஆசை. சாதாரணமாகக் காற்றில் கிடக்கும் பருத்தியே தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரத்தை உள்ளே வைத்திருக்கும். பாலியஸ்டரால் அரை சதவீதம்கூட முடியாது. பாலியஸ்டர் துணியும் தண்ணீரைப் பிடிக்கும், ஆனால் இழைகளுக்கு நடுவில் உள்ள சந்தில்தான் பிடிக்கும். குழந்தை குப்புறப் படுத்து அழுத்தினால் அந்த ஈரம் திரும்பவும் தோலுக்கே வந்துவிடும்.

பருத்தியிலேயே நான்கு வகை நெசவும் பின்னலும் பிப்புக்கு வருகின்றன. அவற்றில் முதலாவது பனியன் துணி. திருப்பூர்க்காரர்கள் சிங்கிள் ஜெர்சி என்பார்கள், வடக்கே ஹோசியரி என்று விற்பார்கள். மென்மை, இழுத்தால் நீளும், விலை குறைவு. ஆனால் ஒற்றை அடுக்காக இருந்தால் ஐந்து நிமிடத்தில் எச்சில் மறுபக்கம் வந்துவிடும். வெட்டிய ஓரமும் சுருளும். இரண்டு அடுக்காகத் தைத்ததாக இருந்தால் வாங்கலாம்.

இன்டர்லாக் என்பதும் பின்னல் துணிதான். முன்னும் பின்னும் ஒரே மாதிரி வழவழவென்று இருக்கும், ஓரம் சுருளாது, பனியன் துணியைவிடக் கொஞ்சம் கனம். என் வோட்டு இதற்குத்தான். இரண்டு அடுக்கு இன்டர்லாக் பிப் ஒன்று, மிதமாக வடியும் குழந்தைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். கழுத்தில் உரசும் இடத்தில் உறுத்தாது.

மஸ்லின் நெய்த துணி. நம் வீட்டுப் பெரியவர்கள் மல் துணி என்பது ஏறக்குறைய இதன் சொந்தக்காரன். தளர்வான நெசவு, காற்று தாராளமாகப் போய்வரும், துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆகும். எல்லாவற்றையும்விட வேகமாகக் காயும். ஒற்றை அடுக்கில் பயனில்லை. நான்கு அல்லது ஆறு அடுக்காக வந்தால்தான் எச்சில் நிற்கும். சென்னை, கடலூர், தூத்துக்குடி மாதிரிக் கடலோரப் புழுக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான துணி இல்லை. சுருங்கிக் கசங்கித்தான் கிடக்கும், அதைக் கண்டுகொள்ளாதீர்கள்.

கடைசியாக டெர்ரி, அதாவது டவல் துணி. மேலே நிற்கும் நூல் வளையங்கள்தான் அதன் வித்தை, நான்கிலும் அதிகம் குடிப்பது இதுதான். ஆனால் காய நேரம் எடுக்கும். போர்வெல் உப்புத் தண்ணீரில் துவைத்தால் நாலைந்து துவையலில் மொரமொரவென்று ஆகிவிடும். அந்தச் சொரசொரப்பைத் தாடையில் தேய்த்துக்கொண்டே இருந்தால் தோல் சிவக்காமல் என்ன செய்யும்? டெர்ரி வாங்குவதானால், தோலில் படும் பக்கம் பனியன் துணியும் எச்சில் விழும் முன்பக்கம் டெர்ரியும் இருக்கிறதா என்று பாருங்கள்.

துணியின் கனத்தை ஜி.எஸ்.எம். என்ற எண்ணில் சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதே அது. பனியன் துணி 140 முதல் 180 வரை, இன்டர்லாக் 180 முதல் 220 வரை பொதுவாக வரும். இணையத்தில் வாங்குகிறவர்களுக்கு, கையால் தொட்டுப் பார்க்க முடியாத குறையை இந்த எண் ஓரளவு தீர்க்கும். 'கோம்ப்டு காட்டன்' என்று போட்டிருந்தால், நூற்பதற்கு முன்பே குட்டை இழைகளைச் சீவி எடுத்துவிட்டார்கள் என்று பொருள். அந்தத் துணியில் பிசிறு குறைவு, சீக்கிரம் உருண்டை உருண்டையாகத் திரளாது. கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்கத் தகுந்தது.

'பேம்பூ' பிப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மூங்கிலை ரசாயனத்தில் கரைத்து இழையாக்கிய விஸ்கோஸ்தான் பெரும்பாலும் அது. மென்மையாக இருக்கும், நன்றாக உறிஞ்சும், தப்பில்லை. ஆனால் மூங்கிலிலிருந்து நேரே வந்த இயற்கைத் துணி என்று நினைத்து இரண்டு மடங்கு விலை கொடுக்க வேண்டியதில்லை.

படி 3: பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

பிப்பை எடுத்ததும் எல்லோரும் முன்னால் இருக்கும் யானைப் படத்தைப் பார்க்கிறார்கள். நீங்கள் பின்பக்கத்தைப் பாருங்கள். '100% காட்டன்' என்ற வாசகம் பல நேரம் முன் அடுக்குக்கு மட்டுமே பொருந்தும். பின்னால் பாலியஸ்டர் ஃபிளீஸ் இருக்கும், அல்லது நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டிய துணி இருக்கும். அப்படிப் படலம் ஒட்டிய துணிக்கு பி.யு.எல். என்று பெயர்.

இந்தப் படலம் சட்டையை நனையாமல் காக்கும் என்பது உண்மை. பயணத்துக்கு, கல்யாண வீட்டுக்கு, அடிக்கடி சட்டை மாற்ற முடியாத இடத்துக்கு ஒன்றிரண்டு வைத்துக்கொள்ளுங்கள். தினப்படிக்கு வேண்டாம் என்பேன். மே மாதத்தில் கழுத்தைச் சுற்றி அப்படி ஒரு படலம் இருந்தால் வியர்வை போக வழி இல்லை. எச்சில் புண்ணைத் தவிர்க்கப் போய் வேர்க்குருவை வாங்கிக்கொண்ட கதையாகிவிடும். இன்னொரு சிக்கலும் உண்டு: சட்டை நனையாததால் பிப் ஊறிப்போனது நமக்குத் தெரிவதில்லை. மூன்று மணி நேரம் ஈரத்துணி கழுத்திலேயே கிடக்கும்.

பின்பக்கம் பார்க்கும்போதே எம்பிராய்டரியையும் தடவிப் பாருங்கள். முன்னால் அழகான பூ, பின்னால் முரட்டு நூல் முடிச்சும் அதற்குக் கொடுத்த விறைப்புத் துணியும். இன்னொரு அடுக்கு வைத்து அதை மூடித் தைத்திருந்தால் சரி. இல்லையென்றால் அப்படியே வைத்துவிடுங்கள்.

படி 4: கழுத்தில் எப்படி மாட்டுகிறது

துணிக்கு அடுத்தபடி முக்கியமானது இதுதான். பாதுகாப்பும் இதில்தான் இருக்கிறது.

நாடா வைத்தது வேண்டாம். கட்டும்போது இறுகலாம், நீள நாடா எதிலாவது மாட்டலாம், முடிச்சு விழுந்தால் அவசரத்துக்குக் கழற்ற முடியாது. பாட்டி காலத்தில் எல்லாம் நாடாதான் என்பார்கள். இப்போதுதான் பிரஸ் பட்டன் வைத்தது எளிதாகக் கிடைக்கிறதே.

வெல்க்ரோ வசதி. பலமாக இழுத்தால் பிய்ந்து வந்துவிடும் என்பது பாதுகாப்பில் அதற்கு ஒரு நல்ல மதிப்பெண். ஆனால் கொக்கிப் பக்கம் கொஞ்சம் விலகினால் பிடரித் தோலைச் சுரண்டும், முடியைப் பிடிக்கும். துவைக்கும்போது மற்றத் துணியையெல்லாம் இழுத்துப் பிசிறாக்கும், பிசிறு சேர்ந்து ஆறு மாதத்தில் ஒட்டாமல் போய்விடும். எட்டு மாதக் குழந்தை அதைப் பிய்க்கக் கற்றுக்கொண்டால் அன்றோடு அந்த பிப்பின் கதை முடிந்தது. வெல்க்ரோதான் வாங்குவேன் என்றால், ஓரங்கள் கூராக இல்லாமல் வட்டமாக வெட்டியிருக்கிறதா, கொக்கிப் பகுதி முழுவதையும் மறுபகுதி மூடுகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பிரஸ் பட்டன்தான் எனக்குப் பிடித்தது. இரண்டு மூன்று இடத்தில் பட்டன் இருந்தால் குழந்தை வளர வளரத் தளர்த்திக்கொள்ளலாம். உலோகப் பட்டனைவிடப் பிளாஸ்டிக் பட்டன் நல்லது. மட்டமான உலோகத்தில் நிக்கல் இருந்தால் சில குழந்தைகளுக்கு அந்த இடம் மட்டும் வட்டமாகத் தடித்துச் சிவக்கும். துருவும் பிடிக்கும். பட்டனை நாலைந்து முறை போட்டுக் கழற்றிப் பாருங்கள். துணியோடு சேர்ந்து பிய்கிற மாதிரி இருந்தால், அது கழன்று வாய்க்குள் போகும் ஆபத்து உண்டு. பட்டனுக்கு அடியில் கூடுதல் துணித் துண்டு வைத்து அடித்திருப்பது நல்ல தையலின் அடையாளம்.

பிப்பின் முன்னால் மணி, முத்து, ஒட்டவைத்த கண், தொங்கும் குஞ்சம் எதுவும் இருக்கக் கூடாது. கடிக்க வசதியாக முனையில் சிலிக்கான் துண்டு தைத்த பிப்புகள் வருகின்றன. தையல் உறுதியாக இருந்தால் குழந்தைக்குப் பிடிக்கத்தான் செய்யும். வாரம் ஒருமுறை அந்தத் தையலை இழுத்துப் பார்க்கும் பொறுப்பு உங்களுடையது.

படி 5: கழுத்தளவு

பெட்டியில் '0–24 மாதம்' என்று இருப்பதை நம்பாதீர்கள். ஒரு நூலைக் குழந்தையின் கழுத்தைச் சுற்றி இறுக்காமல் வைத்து எடுத்து, அதை அளவுகோலில் பாருங்கள். அதோடு இரண்டு மூன்று சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். பட்டன் போட்ட நிலையில் பிப்பின் உள்சுற்று அந்த அளவு இருந்தால் சரி. மாட்டிய பிறகு உங்கள் ஒரு விரல் எளிதாக உள்ளே போய்வர வேண்டும். இரண்டு மூன்று விரல் போனால் தளர்வு, எச்சில் இடைவெளி வழியாகச் சட்டைக்குள் இறங்கிவிடும். தலை வழியாக மாட்டும் வகைக்கும் இதே அளவுதான், ஆனால் கழற்றும்போது எச்சில் ஈரம் முகமெல்லாம் பூசும். எனக்கு அது பிடிப்பதில்லை.

படி 6: சாயமும் சான்றும்

பிப்பின் நுனி எப்படியும் வாய்க்குப் போகும். அதனால் சாயம் எச்சிலுக்கு அசையாமல் நிற்க வேண்டும். வெள்ளைக் கைக்குட்டையின் ஒரு முனையை நனைத்து, பிப்பின் அடர்நிறப் பகுதியில் இருபது முறை அழுத்தித் தேயுங்கள். கைக்குட்டையில் நிறம் ஏறினால் வாங்கியதைத் திருப்பிக் கொடுங்கள். ரப்பர் மாதிரித் தடவினால் வழுக்கும் பிரிண்ட் பெரிதாக இருந்தால், அந்த இடம் ஒரு சொட்டுகூட உறிஞ்சாது. மண்ணெண்ணெய் போன்ற நெடி வந்தாலும் வேண்டாம். வெளிர்நிறம், சின்னச் சின்னப் பிரிண்ட், இல்லையென்றால் வெறும் வெள்ளை: இவை போதும். வெள்ளையில் கறை தெரியுமே என்பவர்களுக்கு: தெரிவது நல்லதுதான், எப்போது துவைக்க வேண்டும் என்று தானே சொல்லும்.

சான்றுகளில் இரண்டை அடிக்கடி பார்ப்பீர்கள். ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 என்பது முடிந்த துணியில் தீங்கான ரசாயன மிச்சம் இருக்கிறதா என்று சோதித்துத் தருவது. அதில் மூன்று வயது வரையான குழந்தைகளின் பொருள்களுக்கு முதலாம் வகுப்பு என்று தனியாக, எல்லாவற்றிலும் கடுமையான வரம்புகள் உள்ளன. அச்சடித்த சீட்டில் ஓர் எண் இருக்கும், அதை அவர்களின் இணையதளத்தில் போட்டுச் சரிபார்க்கலாம். காட்ஸ் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் உலகளாவிய இயற்கைத் துணித் தரச்சான்று வேறு: பருத்தி இயற்கை முறையில் விளைந்ததா என்பதில் தொடங்கி, சாயம், கழிவுநீர், தொழிலாளர் நிலை வரை பார்க்கும். குழந்தையின் தோலை மட்டும் நினைத்தால் முதல் சான்று போதும். சான்றே இல்லாத பிப் எல்லாம் கெட்டது என்றும் இல்லை. திருப்பூர் காதர்பேட்டையில் குவித்து விற்கும் ஏற்றுமதி மிச்சத்தில் அருமையான பிப்புகள் கிடைக்கும், சீட்டுதான் கிழித்திருக்கும். அங்கே கைக்குட்டைச் சோதனையும் தையலைப் புரட்டிப் பார்க்கும் கண்ணும்தான் துணை.

உண்மையிலேயே பருத்திதானா என்ற சந்தேகம் தீர, வீட்டுக்கு வந்தபின் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து பொடிச் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியதும் கறுப்பு மணியாகக் கெட்டிப்படும். குழந்தை பக்கத்தில் இல்லாதபோது செய்யுங்கள், சரியா.

படி 7: எத்தனை வேண்டும்

முதலில் மூன்று நான்கு மட்டும், வேறு வேறு துணியில், வாங்குங்கள். ஒரு வாரம் போட்டுப் பார்த்தால் உங்கள் குழந்தையின் கழுத்துக்கும் உங்கள் வீட்டுக் காற்றுக்கும் எது ஒத்துவருகிறது என்று தெரிந்துவிடும். பிறகு அதையே மொத்தமாக வாங்கலாம்.

கணக்கு இப்படி. ஆறு மாதக் குழந்தை பகலில் ஒன்பது பத்து மணி நேரம் விழித்திருக்கும். நன்றாக வடியும் குழந்தைக்கு மணிக்கு ஒன்று, ஒன்றரை மணிக்கு ஒன்று என்று மாற்றினால் ஒரு நாளைக்கு ஏழெட்டு. தினமும் துவைக்கும் வீட்டில், காயும் நேரத்தையும் சேர்த்தால் பன்னிரண்டு இருந்தால் நிம்மதி. லேசாக வடியும் குழந்தைக்கு ஆறு போதும். ஐப்பசி கார்த்திகை அடைமழைக்கு என்று ஒரு நாலைந்து கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள், அவையும் மஸ்லினாக இருக்கட்டும். டெர்ரி அந்த மாதங்களில் இரண்டு நாள் கொடியில் தொங்கினாலும் முடை நாற்றத்தோடுதான் இறங்கும்.

படி 8: போடும் முன் துவையல், பிறகு தினத் துவையல்

புது பிப் ஒன்றின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக உருண்டு நின்றால் பயப்பட வேண்டாம். ஆலையில் மென்மைக்காகப் போட்ட பூச்சு இன்னும் இருக்கிறது, அவ்வளவுதான். வெந்நீரில் சோப்புப் போட்டு இரண்டு மூன்று முறை துவைத்தால் உறிஞ்ச ஆரம்பிக்கும். அதற்குப் பிறகும் முத்து உருண்டால் அதில் பருத்தி குறைவு என்று எடுத்துக்கொள்ளலாம்.

தினத் துவையலுக்கு மணமில்லாத, மென்மையான ஏதாவது ஒரு சோப்புத்தூள் போதும். குழந்தைக்கென்று தனி லேபிள் ஒட்டியது கட்டாயம் இல்லை. நுரை நிற்காமல் அலசுவதுதான் கட்டாயம். 'கம்ஃபர்ட்' வகைத் துணி மென்மையாக்கித் திரவங்கள் இழைமேல் ஒரு பூச்சு விட்டுப்போகும், பிப் உறிஞ்சாமல் போகும். கிருமிநாசினி ஊற்றி அலசும் வழக்கமும் வேண்டாம், அதன் மிச்சம் ஏற்கெனவே சிவந்த தோலை எரிக்கும். பால் கறையைப் பச்சைத் தண்ணீரில் முதலில் அலசுங்கள், எடுத்ததும் வெந்நீரில் போட்டால் கறை பிடித்துக்கொள்ளும். மஞ்சள் கறைக்கும் கேரட் கறைக்கும் வெயிலே மருந்து, நல்ல உச்சி வெயிலில் இரண்டு நாள் காய்ந்தால் தானே மங்கும். வெல்க்ரோவை ஒட்டிவிட்டுத் துவைக்க வேண்டும். மழைக்காலத்தில் பாதி காய்ந்ததை இஸ்திரி போட்டு எடுத்தால் நாற்றம் வராது.

நனைந்த பிப்பை அப்படியே காயவிட்டு மறுபடி போடுவது பல வீடுகளில் நடக்கிறது. எச்சிலும் பாலும் உலர்ந்த துணி சொரசொரப்பாகும், கிருமியும் தங்கும். குறைந்தது தண்ணீரில் அலசியாவது போடுங்கள்.

வீட்டிலேயே தைக்க நினைத்தால்

நன்றாகவே தைக்கலாம். பழைய பருத்தி வேட்டியைப் போலப் பதமான துணி எந்தக் கடையிலும் கிடைக்காது. நூறு துவையல் கண்டு, பூச்செல்லாம் போய், மெத்தென்று இருக்கும். ஜரிகைக் கரையை வெட்டி எடுத்துவிடுங்கள். கஞ்சியும் சொட்டு நீலமும் போட்டு வந்த வேட்டி என்றால் வெறும் வெந்நீரில் இரண்டு முறை அலசிக்கொள்ளுங்கள்.

குழந்தைக்குச் சரியாகப் பொருந்தும் பிப் ஒன்றைக் காகிதத்தின் மேல் வைத்து வரைந்து, சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் தையலுக்கு விட்டு வெட்டுங்கள். அதை வைத்து வேட்டித் துணியில் நான்கு அடுக்கு வெட்டுங்கள். நிறைய வடியும் குழந்தைக்கு நடுவில் பழைய பனியன் துணியையோ மெல்லிய டவலையோ ஓர் அடுக்கு சேர்க்கலாம். வெளியே தெரிய வேண்டிய இரண்டு பக்கமும் உள்ளே பார்த்தபடி அடுக்கி, கீழ்ப்பக்கம் நான்கு விரல் அகலம் மட்டும் விட்டுச் சுற்றித் தையுங்கள். கழுத்து வளைவில் தையலைத் தொடாமல் சின்னச் சின்னதாகக் கத்தரித்துவிட்டால்தான் திருப்பும்போது வளைவு மடியாமல் படியும். விட்ட வழியாகத் திருப்பி, வாயை மடித்து, ஓரத்தை ஒட்டி இன்னொரு முறை சுற்றித் தைத்தால் முடிந்தது. பிரஸ் பட்டன் அடிக்கத் தையல் கடையில் கொடுத்துவிடுங்கள், அதற்கென்று கருவி வாங்க வேண்டாம். குண்டூசி எத்தனை குத்தினீர்கள் என்று முதலிலேயே எண்ணி வைத்துக்கொண்டு, முடித்ததும் திரும்ப எண்ணுங்கள்.

பிப்புக்கு அடியில் இருக்கும் கழுத்து

பிப் மாற்றும்போதெல்லாம் தாடையையும் கழுத்து மடிப்பையும் மெல்லிய ஈரத்துணியால் ஒற்றி, உலர்ந்த துணியால் மறுபடி ஒற்றுங்கள். தேய்க்காதீர்கள். உலர்ந்த பிறகு பெட்ரோலியம் ஜெல்லி கொஞ்சம் தடவினால் எச்சில் நேரே தோலில் படாது. வெளியே போகும் முன்பும் பால் கொடுக்கும் முன்பும் தடவுவது பலன் தரும். பவுடர் வேண்டாம். ஈர மடிப்பில் அது கட்டிகட்டியாகத் திரண்டு உரசும், பறக்கும் தூள் குழந்தையின் மூச்சுக்குள்ளும் போகும்.

கழுத்தில் கிடக்கும் கறுப்புக் கயிறு, தாயத்து, சங்கிலி பற்றியும் சொல்லியாக வேண்டும். கயிறு எச்சிலை உறிஞ்சி நாள் முழுக்க ஈரமாகவே இருக்கும், புண் முதலில் தொடங்குவது அதன் தடத்தில்தான். பிப் வேறு மேலே அழுத்தும். பெரியவர்களிடம் பேசி இடுப்புக்கோ, தொட்டில் கம்பிக்கோ மாற்றிவிடலாம். பல் வலிக்கு என்று விற்கும் ஆம்பர் (கல்லாக இறுகிய மரப்பிசின்) மணிமாலையும் வேண்டாம். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018 டிசம்பரில் அதற்கு எச்சரிக்கையே விட்டது. தூங்கும்போது மாலை கழுத்தை இறுக்கி ஒரு குழந்தை இறந்ததும் அதற்கு ஒரு காரணம்.

அதே காரணத்தால், தூங்கும் முன் பிப்பைக் கழற்றிவிடுங்கள். பகல் குட்டித் தூக்கமானாலும், தொட்டிலானாலும், தூளியானாலும், காரில் குழந்தை இருக்கையானாலும் சரி. முகத்தின் மேல் ஏறி மூச்சை அடைக்கவும், கழுத்தை இறுக்கவும் அதற்கு ஒரு நிமிடம் போதும். தூக்கத்தில் வடியும் எச்சிலுக்குச் சட்டை மாற்றிக்கொள்ளலாம். மெத்தை விரிப்பும் இருக்கட்டும், ஆனால் இறுக்கமாக மாட்டியதாக, குழந்தையின் கைக்கு அகப்படாததாக.

பிப்பால் தீராதவை

கழுத்து மடிப்பில் பளீரென்று சிவந்து, சுற்றிலும் சின்னச் சின்னச் சிவப்புப் பொட்டுகள் பரவினால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், ஜெல்லி போதாது. சீழ், தேன் நிறப் பொருக்கு, கெட்ட வாடை வந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், வயிற்றுப்போக்கு எல்லாவற்றையும் பல் கணக்கில் எழுதிவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. பல் முளைப்பதால் அப்படிக் காய்ச்சல் வராது, காரணம் வேறாகத்தான் இருக்கும். திடீரென்று எச்சில் பெருகி, பால் குடிக்க மறுத்து, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டால் நேரத்தைக் கடத்தாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். தொண்டையில் ஏதாவது சிக்கியிருக்கலாம், கடும் தொற்றாகவும் இருக்கலாம். பென்சோகெய்ன் கலந்த ஈறு ஜெல்களை இரண்டு வயதுக்குள் தடவ வேண்டாம், அது ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனையே குறைத்துவிடக்கூடும்.

ஒன்றேகால், ஒன்றரை வயதில் பெரும்பாலான குழந்தைகளுக்கு வடிவது தானே குறையும். கடைவாய்ப் பல் வரும்போது மறுபடி சில நாள் கூடும். இரண்டு வயதுக்கு மேலும் பகல் முழுக்க பிப் தேவைப்படுகிறது என்றால் அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அதுவரை பட்டன் தளர்ந்த பிப்புகளைத் தூக்கிப் போடாமல், பட்டனைக் கத்தரித்து எடுத்துவிட்டு, முகம் துடைக்கும் துணியாக வைத்துக்கொள்ளலாம்.